அம்மாவின் சொளவும் ஜெனீவா ஒப்பந்தமும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் வாசுதேவநல்லூர். மதுரையில் தென்காசி பஸ் பிடித்தால் ராஜபாளையம், சிவகிரி தாண்டி வரும். அடுத்த ஊர் புளியங்குடியை எலுமிச்சம்பழத்துக்காக எல்லோருக்கும் தெரியும். பக்கத்து நெற்கட்டும்செவலைப் பூலித்தேவனுக்காகத் தெரியும். எங்கள் ஊரைக் கண்டக்டருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். ("வாசுதேவநல்லூர்லாம் எந்திரிச்சு முன்னால வாங்க!")

எங்கள் ஊர்க் கோயிலில் சாமி அர்த்தநாரீஸ்வரர். ஒரு பாதி ஐயா, ஒரு பாதி அம்மை. எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். ஒரு பாதி பீடி சுற்றும். இன்னொரு பாதி பீடி குடிக்கும்.

வீட்டுக்குள் நுழைந்தால் நடையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் சொளவு. முந்தின ராத்திரி நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைத்து, காலையில் தகடு வைத்துக் கத்தரித்த இலை ஒரு பக்கம். புகையிலைத் தூள் ஒரு பக்கம். ஓரத்தில் நூல்கண்டு. அம்மாவுக்குக் கையைப் பார்க்கவே வேண்டாம், டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சுற்றுவாள். 'அப்பா எங்கே?' என்று கேட்கத் தேவையில்லை. கொல்லைப்புறத்தில் வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து மெலிதாகப் புகை வந்துகொண்டிருந்தது.

போன வருஷம்தான் டாக்டர் அப்பாவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பெரியவரே, இனிமே ஒண்ணுகூடத் தொடக்கூடாது" என்று சொல்லியிருந்தார். மூச்சுக்கு இழுக்கிற பஃப் ஒன்றும் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா டாக்டர் பேச்சைத் தட்டாதவர். முதலில் பஃப். அப்புறம்தான் பீடி.

என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனார். "என்னலே, எப்ப வந்தே?" என்றபோது வாயிலிருந்து மிச்சப் புகையும் சேர்ந்து நலம் விசாரித்தது. நான் காலேஜ் படிக்கும்போது அவருக்கு ஒளிந்து சிகரெட் பிடித்தேன். இப்போது எனக்கு ஒளிந்து அவர் பீடி குடிக்கிறார். காலம் எப்படிச் சுத்துது பாருங்க ஸார்!

எனக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவன் கோபப்பட்டால் புள்ளிவிவரமாகத்தானே வரும்?

"அப்பா, இதை ஒழிக்கணும்னு ஜெனீவாவுல ஒப்பந்தமே போட்டு வெச்சிருக்காங்க. நூத்தி எண்பது நாட்டுக்கு மேல சேர்ந்திருக்கு. இந்தியாவும் கையெழுத்துப் போட்டிருக்கு."

"நான் போடலையே" என்றார் அப்பா.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "எல்லாரும் நிறுத்திட்டா நான் என்ன செய்யணும்னு அதுல எழுதியிருக்காலே?"

என்னிடம் பதில் இல்லை. பி.காம். படித்தவன், பேப்பர் படிப்பவன், வாராவாரம் உங்களுக்கு எல்லாவற்றையும் விளக்குகிறவன். முழித்தேன். சென்னை திரும்பியதும் முதல் வேலையாக அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். அம்மா கேட்டதற்குப் பதில் அதில் இருக்கிறது, ஸார். அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

* * *

போதை விஷயத்தில் உலகத்துக்கு இரண்டு விலாசம். கஞ்சா, அபின் என்றால் வியன்னா. பீடி, சிகரெட் என்றால் ஜெனீவா.

வியன்னா கதைதான் மூத்தது. 1909-ல் ஷாங்காயில் 13 நாடுகள் கூடி அபினைப் பற்றிக் கவலைப்பட்டன. 1912-ல் ஹேக் நகரில் முதல் சர்வதேச அபின் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதில் வேடிக்கை என்னவென்றால், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கவலைப்பட்டவர்களில் பிரிட்டிஷாரும் உண்டு. நம் நாட்டில் கசகசாச் செடியைப் பயிரிட வைத்து, அபின் காய்ச்சி, சீனாவுக்கு அனுப்பிக் கல்லா கட்டியவர்களே அவர்கள்தான்!

அப்புறம் ஐ.நா. வந்தது. 1961-ல் அபின், கோகா இலை, கஞ்சாவுக்கு ஒரே ஒப்பந்தம். 1971-ல் போதை தரும் மாத்திரை மருந்துகளுக்கு. 1988-ல் கடத்தலுக்கு. நம் ஊரில் பேப்பரைத் திறந்தால் 'கஞ்சா வைத்திருந்த வாலிபர் கைது' என்று வருகிறதே, அந்த 1985-ம் வருஷத்து என்.டி.பி.எஸ். சட்டத்துக்கும் இந்தக் குடும்பத்தோடு உறவு உண்டு.

வியன்னாவில் சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. 13 பேர் உறுப்பினர்கள். ஒவ்வொரு நாடும், 'மருத்துவத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவு மார்ஃபின் தேவைப்படும்' என்று இவர்களுக்கு எஸ்டிமேட் அனுப்ப வேண்டும். அதாவது உலகத்துக்கே ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர். அக்கவுன்ட்ஸ் படித்தவனுக்கு அதைக் கேட்டாலே நெஞ்சு நிறைகிறது.

ஆனால் இந்த லிஸ்டில் எதிலும் புகையிலை இல்லை. 1961-ல் ஒப்பந்தம் பேசின ஹாலிலேயே எத்தனை ஆஷ்ட்ரே இருந்ததோ, யார் கண்டது!

புகையிலைக்கு முறை வர 2003 ஆகிவிட்டது. அந்த வருஷம் மே 21-ந் தேதி ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் சபை, புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அந்த நிறுவனம் தன் பெயரில் பேசி முடித்த முதல் சர்வதேச ஒப்பந்தம் இது. மொத்தம் 38 பிரிவுகள். இந்தியா ஆரம்பத்திலேயே, 2004 பிப்ரவரியில், உறுதி செய்துவிட்டது. 2005 பிப்ரவரி 27 முதல் அமலுக்கு வந்தது. அமெரிக்கா கையெழுத்துப் போட்டது. உறுதி மட்டும் செய்யவில்லை. (நிச்சயதார்த்தம் முடிந்தது, கல்யாணம் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒப்பந்தத்தைப் படிக்காவிட்டாலும் அதன் பலனை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆபீஸ் வராந்தாவில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற தடை 2008 அக்டோபர் 2-ல் கடுமையானது. பாக்கெட் மேல் படம் 2009-ல் வந்தது. 2016-ல் அந்தப் படம் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஹீரோ சினிமாவில் பற்றவைத்ததும் மூலையில் எழுத்து வருகிறதே, அதுவும் இந்தக் காலத்து ஏற்பாடுதான்.

எங்கள் ஆபீஸ் எதிரில் ஒரு டீக்கடை. 'இங்கு புகை பிடிக்காதீர்' என்று அழகாக போர்டு. அதற்கு நேர் கீழேதான் பற்றவைக்கிற லைட்டரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் அண்ணாச்சி. "போர்டு அரசாங்கத்துக்கு. லைட்டர் கஸ்டமருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று அந்த லைட்டரை உபயோகித்துக்கொண்டிருந்த கஸ்டமர்களில் அடியேனும் ஒருவன்.

* * *

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

ஒப்பந்தத்தின் 17-ம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? புகையிலை பயிரிடும் விவசாயிக்கும், அந்தத் தொழிலில் இருக்கும் தொழிலாளிக்கும், சில்லறை வியாபாரிக்கும், கட்டுப்படியாகிற மாற்றுத் தொழில் கிடைக்க அரசாங்கங்கள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. 'பொருத்தமான விதத்தில்' என்று ஒரு சொல்லும் நடுவில் இருக்கிறது. ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கு இந்தச் சொல்லின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 'ஃபைலை மேஜையில் வைக்கவும்' என்று அர்த்தம்.

அரசாங்கக் கணக்குப்படி நாட்டில் பீடித் தொழிலாளர்கள் சுமார் 50 லட்சம் பேர். பெரும்பாலும் பெண்கள். எங்கள் பக்கத்தில் முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர், மேலப்பாளையம் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் நடையில் ஒரு சொளவு இருக்கும். ஒரு காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் "பாடத் தெரியுமா?" என்று கேட்டதில்லை. "நாளைக்கு எத்தனை சுத்தும்?" என்றுதான் கேட்பார்கள்.

அம்மா நாளைக்கு ஆயிரம். மாசத்துக்கு 25 நாள். நான் பி.காம். படித்தது மூன்று வருஷம், அதாவது 36 மாதம். பெருக்கிப் பாருங்கள்: ஒன்பது லட்சம் பீடி. அப்பா சம்பாத்தியம் வயிற்றுக்குச் சரியாக இருந்தது. அம்மா சம்பாத்தியம்தான் என் படிப்புக்கு. போதாததற்கு பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு என்று ஒரு ஸ்காலர்ஷிப். ஆக, என் பட்டத்தின் அடக்கவிலை ஒன்பது லட்சம் பீடி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்கவுன்ட்ஸ் படித்த புத்தி நிறுத்தவிடவில்லை. வரவு என்று ஒன்று எழுதினால் எதிரே பற்று எழுத வேண்டாமா?

கட்டுக்கு 25 பீடி. ஒன்பது லட்சம் என்பது 36,000 கட்டு. எங்க அப்பா நாளைக்கு இரண்டு கட்டு. அந்தக் கணக்கில் 36,000 கட்டையும் ஒரே ஆள் குடிப்பதானால் 18,000 நாள் ஆகும். சுமாராக 49 வருஷம்! எங்கேயோ ஓர் ஊரில் யாரோ ஓர் அப்பா 49 வருஷம் இருமினால்தான் நான் ஒரு பி.காம். ஆக முடியும். பேலன்ஸ் ஷீட் கரெக்டாக டாலி ஆகிறது, ஸார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பீடி என்னவோ இலைதானே, சிகரெட்டை விடத் தேவலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பீடி இலை லேசில் எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு எல்லாமே சிகரெட்டை விட அதிகமாக உள்ளே போகிறது. குடிக்கிறவர்களோடும் முடியவில்லை. நாள் பூராவும் தூளில் கை வைத்திருக்கிறவர்களுக்குத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோடின் ஏறுகிறது. அம்மா வாழ்நாளில் ஒரு பீடியை உதட்டில் வைத்ததில்லை. ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் அவளுக்கும் ஓர் இருமல் வரும்.

* * *

சரி, அரசாங்கம் என்ன செய்கிறது?

ஒப்பந்தத்தின் 6-ம் பிரிவு, வரியை ஏற்று, விலை ஏறினால் குடிப்பது குறையும் என்கிறது. நியாயமான பேச்சு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் போட்டார்கள். பீடிக்கு 28 மட்டும், செஸ் இல்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் உட்கார்ந்து சிகரெட்டை 40 சதவீதத்துக்கு ஏற்றுவது என்றும், பீடியை 18 சதவீதத்துக்கு இறக்குவது என்றும் முடிவெடுத்தது. பீடி இலைக்கு 18-லிருந்து 5. பாக்கெட்டில் 'வலி மிகுந்த மரணம்' என்று எச்சரிக்கை. பில்லில் பத்து சதவீதம் தள்ளுபடி!

உடனே திட்ட வேண்டாம். வரியை ஏற்றினால் முதலில் யார் சொளவு காலியாகும் என்று எனக்குத் தெரியும். இறக்கினால் யார் நெஞ்சு காலியாகும் என்றும் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே நடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 17-ம் பிரிவைச் செய்யாமல் 6-ம் பிரிவில் கை வைத்தால் இப்படித்தான் ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் என்று நிற்க வேண்டி வரும். (உயிருக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லும் அரசு நிறுவனத்தின் முதலீட்டிலேயே நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியின் பங்குகளும் உண்டு. இதைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதலாம்.)

2016 நவம்பரில் இந்த ஒப்பந்த நாடுகளின் மாநாடே நம் நாட்டில், டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. 7-ந் தேதி ஆரம்பம். 8-ந் தேதி ராத்திரி எட்டு மணிக்கு 500, 1000 செல்லாது என்று அறிவிப்பு. அந்த வாரம் வாசுதேவநல்லூரில் பாஸ் புத்தகத்தில் கூலி ஏறியது. கைக்குக் காசு வரவில்லை. புகையிலைத் தொழிலாளியைப் பற்றி உலகமே கூடிப் பேசிய வாரத்தில் அந்தத் தொழிலாளி காய்கறிக்குக் கடன் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாற்றுத் தொழில் பயிற்சித் திட்டமும் மத்திய அரசு கொண்டுவராமல் இல்லை. அம்மாவிடமே கேட்டேன்.

"ஏம்மா, தையல் கத்துக்கிட்டா என்ன?"

"கத்துக்கிடலாம். மிஷின் யார் வாங்குவா? துணி யார் கொண்டாந்து குடுப்பா? தச்சதை யார் எடுத்துக்கிடுவா? இங்க பாரு. இலையும் தூளும் அவன் குடுத்துருதான். சுத்துனதை அவனே எண்ணி வாங்கிக்கிடுதான். நடுவுல நாலு கழிச்சிப் போட்டாலும், வாரம் பொறந்தா கூலி. சோறு பொங்கிக்கிட்டே சுத்தலாம். ஒன்னைய இடுப்புல வெச்சுக்கிட்டே சுத்தினேன். பி.எஃப். வேற இருக்கு."

வீட்டில் சுற்றும் பெண்ணும் தொழிலாளிதான், பி.எஃப். உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 1985-ல் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே 1966-ல் பீடித் தொழிலாளிக்குத் தனிச் சட்டம். 1976-ல் பீடி மீது ஒரு செஸ் போட்டு அதிலிருந்து நலநிதி. ஆஸ்பத்திரி, வீடு, எனக்குக் கிடைத்த ஸ்காலர்ஷிப் எல்லாம் அந்தக் கணக்கில்தான். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த செஸ்ஸும் போய்விட்டது.

அம்மா கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. சரக்கு வீடு தேடி வரணும். செய்ததை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கணும். வாரக் கூலி, கூடவே பி.எஃப். ஒப்பந்தம் 'கட்டுப்படியாகிற மாற்று' என்று சொல்வதற்கு அம்மாவின் அகராதியில் இவ்வளவுதான் அர்த்தம். இதைச் செய்யாமல் மூன்று நாள் பயிற்சியும் ஒரு சர்டிஃபிகேட்டும் கொடுத்தால் அதை நடையில் மாட்டி வைத்துவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து பீடி சுற்றுவாள். அண்ணாச்சி கடை போர்டு மாதிரி.

* * *

17-ம் பிரிவு அரசாங்கத்தின் வேலை. நீங்களும் நானும் அதைக் கேட்கலாம், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் விசாரிக்கலாம். ஆனால் நம் சட்டைப் பையில் இருப்பதற்கு யார் பொறுப்பு?

எங்கள் ஊர் ஆசாமிகளிடம் ஓர் அதிசயம் உண்டு. கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் பீடியைத் தொடமாட்டார்கள். எங்க அப்பாவும் அப்படித்தான். நாளைக்கு ஐம்பது குடிக்கிறவர் டக்கென்று பூஜ்யம்! 38 பிரிவுகள், 180 நாடுகள் செய்ய முடியாததை ஒரு துளசி மாலை செய்துவிடும். மாலையைக் கழற்றிய அன்றைக்கே மறுபடியும் முதல் கட்டு.

டாக்டர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். நிகோடினை நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் முதல் சில நாளில்தான் உச்சம். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். "உங்க அப்பா வருஷாவருஷம் கஷ்டமான பாதியைத் தாண்டிட்டு, சுலபமான பாதியில பஸ்ஸை விட்டு எறங்கிடறார்" என்றார். அதற்குப் பிறகு இழுப்பது உடம்பு இல்லை. டீ கிளாஸும், சேர்ந்து நிற்கிற ஆளும், அந்த லைட்டரும்தான்.

ஆகவே நான் என்ன செய்தேன் என்றால், டீக்கடையை மாற்றினேன். பதினொரு மணிக்கு வேறு தெரு, வேறு அண்ணாச்சி. முதல் மூன்று நாள் எங்கள் மேனேஜரைப் பார்த்து இரண்டு தடவை கத்தியிருக்கிறேன். (அது சிகரெட்டை விட்டதால் மட்டும்தானா என்று ஆபீஸில் விவாதம் நடக்கிறது.) பாக்கெட்டில் 1800-11-2356 என்று ஒரு நம்பர் அச்சடித்திருக்கிறதே, புகையிலையை விடுவதற்கு உதவி செய்கிற அரசாங்க லைன், காசு கிடையாது. இத்தனை வருஷமாக அந்த எழுத்துக்கு மேல் தீப்பெட்டியை வைத்திருந்தேன். கடைசி பாக்கெட்டில்தான் படித்தேன். கடைசி சிகரெட்டிலிருந்து ஒரு வருஷம் தாண்டினால் மாரடைப்பு அபாயம் புகைக்கிறவருடையதில் சுமார் பாதியாகிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒன்பது லட்சம் பீடியை என்னால் திரும்பச் சுருட்டி இலையாக்க முடியாது. இனிமேல் என் பங்குக்குப் பற்றுப் பக்கத்தில் எழுதாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாள். ஒப்பந்தத்தில் 17-வதாக அவளைப் பற்றி எழுதியிருக்கிறது என்று சொன்னேன்.

"எப்ப எழுதுனாங்களாம்?"

"2003-லம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னணியில் அப்பாவின் இருமல் கேட்டது.

"சரி, நீ குடிக்கியா இப்ப?"

"இல்லம்மா. இருபத்தாறு நாள் ஆச்சு."

"நாப்பத்தோரு நாளும் போகட்டும். நாப்பத்திரண்டாவது நாள் எனக்குப் போன் போடு. அப்பாகிட்ட குடுக்கேன்" என்றாள். "வச்சிரட்டா? கட்டு எண்ணணும்."